ஐயமும் அரசியலும்

2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கொவிட் காரணமாகப் பாடசாலை மூடியிருந்தது. ஹெந்தளையில் எங்கள் வீட்டு விறாந்தையில் உம்மும்மா தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "மகள், நான் இப்ப மௌத்தானா என்னயும் எரிச்சிருவாங்களா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ஒண்டும் ஆகாது உம்மும்மா" என்றேன். அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இன்னொரு விடயத்தையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் பகுதி மணற்பாங்கானது. ஹமில்டன் கால்வாய் அருகில் ஓடுகிறது. கொஞ்ச ஆழம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். உடல்களைப் புதைத்தால் கிருமி நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்று தொலைக்காட்சியில் சொன்னபோது, 'ஒருவேளை உண்மையாக இருக்குமோ?' என்று நானும் ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக எனக்குள் குற்ற உணர்வும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்ற பாடத்தைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த நினைப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தது. அதன் பெயர் ஐயம். ஐயப்பட்டதில் தவறில்லை. அந்த ஐயத்தை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஐயவாதம் என்ற மெய்யியல் சிந்தனைக்கும் அரசியல் கருத்தியலுக்கும் இடையே உள்ள உறவை, எனக்கு விளங்கிய அளவில் விளக்க முயல்கிறேன்.

ஐயவாதம் என்பது என்ன?

'நமக்குத் தெரியும் என்று நாம் சொல்லும் விடயங்கள் உண்மையிலேயே நமக்குத் தெரியுமா?' என்று கேட்பதே ஐயவாதத்தின் தொடக்கம். கண் ஏமாற்றுகிறது. காது ஏமாற்றுகிறது. பெரியவர்கள் சொன்னதும் சில வேளைகளில் பிழைத்துப் போகிறது. அப்படியானால் எதை நம்பி 'இது நிச்சயம்' என்று சொல்வது?

பண்டைய கிரேக்கத்தில் பிர்ரோ என்பவர் இந்தச் சிந்தனையின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். மகா அலெக்சாந்தரின் படையோடு இந்தியா வரை வந்து இங்கிருந்த துறவிகளைச் சந்தித்தார் என்று அவரைப் பற்றிய பழைய வரலாறு கூறுகிறது. அவர் வழிவந்த செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ், எந்தக் கூற்றுக்கும் சமமான எதிர்க்கூற்று ஒன்றை வைக்கலாம், ஆகவே தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வதே மனதுக்கு அமைதி தரும் என்று வாதித்தார்.

கருத்தியல் இதற்கு நேர் எதிர்த் திசையில் இருப்பது போலத் தெரியும். நாடு எப்படி இருக்க வேண்டும், யார் நம்மவர், யார் அந்நியர், யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பவற்றைப் பற்றி ஒரு கூட்டத்தார் வைத்திருக்கும் உறுதியான நம்பிக்கைகளின் தொகுதியே கருத்தியல். ஐயவாதி எதையும் உறுதியாகச் சொல்லத் தயங்குவார். கருத்தியலாளர் எல்லாவற்றையும் உறுதியாகச் சொல்வார். எனவே ஐயவாதம் வளர்ந்தால் கருத்தியல் தேய்ந்துவிடும் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். வரலாற்றைப் பார்த்தால் விடயம் அவ்வளவு எளிதாக இல்லை.

முதலாவது சிக்கல் செக்ஸ்டஸிடமே இருக்கிறது. எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லாதவர் எப்படி வாழ்வது என்று கேட்டால், தான் வாழும் ஊரின் வழக்கங்களையும் சட்டங்களையும் பின்பற்றி வாழ்வது என்பதே அவருடைய பதில். வழக்கம் நல்லதாக இருக்கும் ஊரில் இது பரவாயில்லை. சட்டம் அநியாயமாக இருக்கும் இடத்தில் என்ன செய்வது? அத்தகைய ஐயவாதி ஒருவர் 2020இல் கொழும்பில் இருந்திருந்தால், 'புதைப்பது ஆபத்தா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது' என்று சொல்லிவிட்டு, வர்த்தமானிக்குக் கட்டுப்பட்டு நடந்திருப்பார். ஆக, எதையும் முடிவு செய்யாத ஐயம், ஏற்கெனவே அதிகாரத்தில் இருப்பவருக்கே கடைசியில் துணை போகிறது.

இமாம் கஸ்ஸாலியும் ஐயமும்

ஐயவாதம் என்றால் மார்க்கத்துக்குப் புறம்பான ஏதோ ஒன்று என்று பெற்றோரில் சிலர் நினைக்கக்கூடும். அவர்களுக்காக இமாம் அபூ ஹாமித் அல் கஸ்ஸாலியைப் பற்றிச் சொல்கிறேன். 1058இல் பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்த இவர், 1091இல் பக்தாதின் நிஸாமிய்யா கல்லூரியில் தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டார். அந்தக் காலத்தில் அதைவிட உயர்ந்த கல்விப் பதவி அரிது.

தமது வாழ்க்கைப் பயணத்தைச் சொல்லும் 'அல் முன்கித் மினல் ழலால்' என்ற நூலில், தாம் கடந்து வந்த ஐயக் காலத்தை அவர் விவரிக்கிறார். நிழலைக் கண்ணால் பார்த்தால் அசையாமல் நிற்பது போல இருக்கிறது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு தீனார் காசளவு தெரிகிறது. கணித ஆதாரங்களோ அது பூமியைவிடப் பெரியது என்கின்றன. கண்ணைப் பகுத்தறிவு திருத்துகிறது. அப்படியானால் பகுத்தறிவைத் திருத்தக்கூடிய இன்னொன்று இருக்காதா? கனவு காணும்போது அதுவும் உண்மையாகத்தானே தெரிகிறது? இப்படி ஐயப்பட்டு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தவித்ததாகவும், அல்லாஹ் தன் உள்ளத்தில் பாய்ச்சிய ஒளியினாலேயே மீண்டதாகவும் அவர் எழுதுகிறார். ஐயம் அவருடைய ஈமானை அழிக்கவில்லை. எதை ஏன் நம்புகிறேன் என்று தெரிந்துகொண்டு நம்பும் இடத்துக்கு அவரைக் கொண்டு சேர்த்தது.

நம் தலைப்புக்கு முக்கியமான பகுதி இதற்கு அடுத்தது. கஸ்ஸாலியின் காலத்தில் பாத்தினிய்யா எனப்பட்ட இயக்கம் பெரும் அரசியல் சக்தியாக இருந்தது. அவரை ஆதரித்த அமைச்சர் நிஸாமுல் முல்க் 1092இல் கொல்லப்பட்டபோது அந்தப் பழி இவ்வியக்கத்தின் மீதே விழுந்தது. அதற்கு எதிராக, கலீபா அல் முஸ்தழ்ஹிரின் வேண்டுகோளில் கஸ்ஸாலி ஒரு நூலே எழுதினார். அவர்களுடைய வாதத்தை அவர் எடுத்துக் காட்டும் விதம் இன்றும் பொருந்துகிறது. அந்த வாதம் மூன்று படிகளைக் கொண்டது:

ஒன்று, மனிதர்களின் பகுத்தறிவு ஒன்றுக்கொன்று முரண்படுகிறது. இரண்டு, ஆகவே பகுத்தறிவை நம்ப முடியாது. மூன்று, ஆகவே தவறே செய்யாத எங்கள் தலைவரைக் கேள்வியின்றிப் பின்பற்றுங்கள்.

முதல் இரண்டு படிகளும் ஐயவாதம். மூன்றாவது படி கருத்தியல். கஸ்ஸாலி இந்தத் தாவலைத்தான் பிடித்துக்கொண்டார். பகுத்தறிவை நம்ப முடியாது என்ற முடிவுக்கு நீங்கள் எதைக் கொண்டு வந்தீர்கள்? பகுத்தறிவைக் கொண்டுதானே! உங்கள் தலைவர்தான் சரியானவர் என்பதை எதைக் கொண்டு தெரிந்துகொண்டீர்கள்? அதுவும் அதே பகுத்தறிவைக் கொண்டுதானே! மற்றவர்களின் அறிவுக்கு வைத்த ஐயத்தை உங்கள் தலைவருக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை?

இதை எழுதியவர் கலீபாவின் தரப்பில் நின்று எழுதினார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அவருக்கும் ஓர் அரசியல் இருந்தது. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி எந்தத் தரப்புக்கும் பொருந்தும். அதனால்தான் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அது உயிரோடு இருக்கிறது.

நம் நாட்டிலும் அதே மூன்று படிகள்

பேராசிரியர் நளின் டி சில்வா 2024இல் காலமானார். கணிதமும் கோட்பாட்டுப் பௌதிகமும் படித்தவர். கொழும்பு, களனிப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர். இளமையில் இடதுசாரி. பின்னர் எழுத்தாளர் குணதாச அமரசேகரவுடன் சேர்ந்து 'ஜாதிக சிந்தனய', அதாவது தேசிய சிந்தனை என்ற இயக்கத்தின் முதன்மைச் சிந்தனையாளரானார். 1986இல் வெளிவந்த அவருடைய 'மகே லோகய' என்ற சிங்கள நூல் அறிவைப் பற்றிய ஓர் ஐயவாத நூல். 'என்னுடைய உலகம்' என்பது அதன் பொருள்.

அறிவு என்பது வெளியே கிடந்து நாம் கண்டெடுக்கும் பொருள் அல்ல. ஒவ்வொரு பண்பாட்டினரும் தங்கள் புலன்களையும் மனதையும் கொண்டு அதனை ஆக்கிக்கொள்கிறார்கள். மேற்கத்தேய விஞ்ஞானமும் மேற்கத்தேயப் பண்பாடு ஆக்கிய கதைகளே என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். இதில் சிந்திக்க வேண்டிய விடயம் நிச்சயமாக இருக்கிறது. நம்மை ஆண்ட வெள்ளையர், தங்கள் அறிவு மட்டுமே அறிவு என்று சொல்லித்தான் நம் வைத்தியத்தையும் மொழிகளையும் இழிவுபடுத்தினார்கள். அந்த அகந்தையை ஐயப்பட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் மூன்றாவது படியில் வருகிறது. எந்த அறிவும் முற்றான உண்மை அல்ல. ஆகவே ஒவ்வொரு பண்பாட்டுக்கும் அதனதன் அறிவு. ஆகவே இந்த நாட்டில் சிங்கள பௌத்த சிந்தனையே முதன்மை பெற வேண்டும். முதல் இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவது எப்படி வரும்? எல்லாப் பண்பாடுகளின் அறிவும் ஆக்கப்பட்டவை என்றால் சிங்களவருடையதும் தமிழருடையதும் முஸ்லிம்களுடையதும் ஒரே தரத்தில் வந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றை மேலே தூக்கி வைக்க ஐயவாதம் உதவாது. அதற்கு வேறு எங்கிருந்தோ ஒரு காரணம் கொண்டு வர வேண்டும். பெரும்பான்மை, வரலாறு, அதிகாரம் என்று அந்தக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்தக் காரணத்தின் மேல் மட்டும் ஐயம் படுவதில்லை. கஸ்ஸாலி கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம்.

2011இல் ரஜரட்டைச் சிறுநீரக நோய்க்கு ஆர்சனிக்கே காரணம் என்று களனியில் ஓர் ஆய்வுக் குழு சொன்னபோது, அந்தத் தகவலை நாத தெய்வம் அருளியது என்று பேராசிரியர் நளின் வெளிப்படையாகக் கூறினார். பலர் சிரித்தார்கள். எங்கள் பாடத்தின்படி பார்த்தால் சிரிக்க வேண்டியதில்லை. பென்சீனின் வளைய அமைப்பு, தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கனவில் கண்டு தோன்றியதாக ஜேர்மானிய இரசாயனவியலாளர் கெக்குலே சொன்னார். கருதுகோள் எங்கிருந்தும் வரலாம். வந்த பிறகு அது சோதனைக்கு நிற்கிறதா என்பதே கேள்வி. 'எங்கள் பண்பாட்டின் அறிவை உங்கள் முறையால் சோதிக்க முடியாது' என்று சொல்லும்போதுதான் வாசல் மூடப்படுகிறது.

கார்ல் பொப்பர் சொன்ன பொய்ப்பித்தற் கொள்கை இங்கே கைகொடுக்கிறது. வியன்னாவில் பிறந்து, நாஸிகளின் எழுச்சியால் நாட்டைவிட்டு நியூசிலாந்து சென்ற அவர், அங்கிருந்துதான் 1945இல் வெளிவந்த 'திறந்த சமூகமும் அதன் எதிரிகளும்' என்ற நூலை எழுதினார். ஒரு கூற்று விஞ்ஞானபூர்வமானது என்றால், எது நடந்தால் அது பிழை என்று ஒப்புக்கொள்வோம் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும். அரசாங்கத்துக்கும் இது பொருந்தும். தன் முடிவு பிழையென்று காட்ட வழிவிடும் அரசே திறந்த சமூகத்தின் அரசு.

வெள்ளவத்தை பாமன்கடையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் 1963இல் விடுத்த சவாலையும் இங்கே நினைக்கலாம். ஏமாற்ற முடியாத நிபந்தனைகளின் கீழ் அற்புத சக்தியைச் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக அவர் அறிவித்தார். அவருடைய நாத்திகத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் எதைக் காட்டினால் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன் என்பதை அவர் பகிரங்கமாகச் சொல்லி வைத்தார். அந்த ஒழுங்கை மதிக்கிறேன்.

நிச்சயம் கேட்ட கமிட்டி

இனி உம்மும்மாவின் கேள்விக்கு வருகிறேன். 2020 மார்ச் மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம், கொவிட்டால் இறந்தவர்களைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று வழிகாட்டல் வெளியிட்டது. நமது சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டலும் இரண்டையும் அனுமதித்தது. சில நாட்களில் அது மாற்றப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம் எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. காரணமாகச் சொல்லப்பட்டது நிலத்தடி நீர்.

தொடக்கத்தில் அந்த ஐயம் நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். நோய் புதியது. நானே எங்கள் கிணற்றை நினைத்துப் பயந்தேன். ஆனால் நேர்மையான ஐயம் விடை தேடும். சுவாசத்தால் பரவும் இந்த வைரஸ் உயிருள்ள கலங்களுக்குள் மட்டுமே பெருகும் என்பதும், புதைத்த உடலிலிருந்து நீர் வழியாக எவருக்கும் தொற்றியதற்குச் சான்று இல்லை என்பதும் மாதங்கள் செல்லச் செல்லத் தெளிவாகின. உலகின் பெரும்பாலான நாடுகள் புதைத்துக்கொண்டே இருந்தன. 2020 இறுதியில் அமைச்சு நியமித்த இன்னொரு நிபுணர் குழு இரண்டு முறைகளையும் அனுமதிக்கலாம் என்றது. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவ சங்கமும் அதையே சொன்னது. அப்போதும் முடிவு மாறவில்லை. 'ஆபத்தே இல்லை என்று நூறு வீதம் நிச்சயமாகச் சொல்ல முடியுமா?' என்பதே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது.

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கவனியுங்கள். உலகில் எதைப் பற்றியும் நூறு வீதம் நிச்சயம் சொல்ல முடியாது என்பது ஐயவாதிகள் சொன்ன பழைய உண்மை. எத்தனை வெள்ளை அன்னங்களைப் பார்த்தாலும் கறுப்பு அன்னம் இல்லை என்று நிறுவ முடியாது என்று தொகுத்தறி முறையைப் பற்றிப் படிக்கும்போது முதல் பாடத்திலேயே வருகிறது. ஆகவே நூறு வீத நிச்சயம் வேண்டும் என்று கேட்டால், எந்த அனுமதியையும் எப்போதும் மறுத்துக்கொண்டே இருக்கலாம். அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகளும் இதே வழியில்தான் நடந்தன. ஐயமே தங்கள் உற்பத்திப் பொருள் என்று அவற்றில் ஒரு கம்பனி 1969இல் தன் உள்ளகக் குறிப்பொன்றில் எழுதிவைத்தது. புகைத்தல் தீங்கானது என்று நிறுவ வேண்டியதில்லை, தீங்கற்றது என்று நிறுவ வேண்டியதுமில்லை. 'இன்னும் நிச்சயமில்லை' என்று மக்கள் நினைத்துக்கொண்டிருந்தாலே போதுமானது.

'அவதானமாக இருப்பதில் என்ன தவறு?' என்று ஒரு தோழி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்விதான். அவதானம் என்பது இரண்டு பக்கத் தீங்கையும் நிறுத்துப் பார்ப்பது. அந்த நாட்களில் உம்மும்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவே மாட்டேன் என்று பிடிவாதமாகப் படுத்துவிட்டார். போனால் பரிசோதிப்பார்கள், கொவிட் என்பார்கள், பிறகு உடல் வராது என்பது அவருடைய பயம். உம்மா இரவெல்லாம் அழுதார். அல்ஹம்துலில்லாஹ், அது சாதாரணக் காய்ச்சல். நோயைத் தடுக்கவென்று போட்ட சட்டம் நோயாளியை வைத்தியரிடமிருந்து ஒளியச் செய்தது என்றால், அந்தத் தீங்கை யார் நிறுத்துப் பார்த்தார்கள்?

அதே டிசம்பர் மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. கேகாலையைச் சேர்ந்த ஒருவர், காளி தெய்வம் அருளியதாகச் சொல்லி ஒரு பாணியைத் தயாரித்தார். அதைக் குடித்தால் கொவிட் வராது என்றார். ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பகிரங்கமாக அதை அருந்தினார். அடுத்த மாதமே அவருக்குக் கொவிட் தொற்றியது. பாணிக்கு நூறு வீத நிச்சயம் யாரும் கேட்கவில்லை. கப்றுக்கு மட்டும் கேட்டார்கள்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்ததும் இதன் மறுபக்கமே. ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டது என்ற கதை ஓர் இரவில் பரவி, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. கறியில் இருந்தது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வில் பின்னர் தெரிந்தது. உண்டவரை நிரந்தர மலடாக்கும் அப்படியொரு மாத்திரை மருத்துவத்தில் இல்லை. ஆனால் அன்றிரவு ஐயப்பட எவருக்கும் நேரமிருக்கவில்லை.

இந்த மூன்று சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உறவு விளங்குகிறது. கருத்தியல் ஐயத்தை ஒழித்துவிடுவதில்லை. எதன் மேல் ஐயப்படலாம், எதன் மேல் ஐயப்படக் கூடாது என்று அது பங்கிட்டுக் கொடுக்கிறது. தனக்குப் பிடிக்காத செய்திக்கு மலையளவு ஆதாரம் கேட்கிறது. பிடித்த செய்திக்குக் கடுகளவும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டுத் தராசு

இதை எழுதிக்கொண்டு வரும்போது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மற்றவர்களின் பிழையைக் கண்டுபிடிப்பது சுகமான வேலை. பிறகுதான் 2021 நினைவுக்கு வந்தது.

தடுப்பூசி வந்த காலம். எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. ஊசியால் பிள்ளை பிறக்காது என்றும், இது முஸ்லிம்களைக் குறைக்கும் திட்டம் என்றும் யாரோ ஒருவர் பேசினார். அவர் யார், எந்த ஊர், வைத்தியரா என்று எதுவும் தெரியாது. வாப்பாவின் கைபேசியை எடுத்து அதை நான்கு பேருக்கு அனுப்பியது நான்தான். அப்போது நிலத்தடி நீர்க் கதையைக் கேட்டுக் கோபப்பட்டுக்கொண்டிருந்த அதே நான். மலட்டு மாத்திரைக் கதையை நம்பியவர்களைப் பார்த்து வெறுத்த அதே நான். இரண்டும் ஒரே கதை என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

சாச்சி ஒருவர் அந்தப் பதிவைக் கேட்டு ஊசி போடுவதைப் பல வாரங்கள் தள்ளிப்போட்டார் என்று பிறகு தெரிந்தது. நான் அனுப்பியதாலா, வேறு யாரும் அனுப்பியதாலா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அநீதி இழைக்கப்பட்ட சமூகத்துக்கு அரசின் மேல் ஐயம் வருவது இயல்பு. நம்மைச் சுட்ட நெருப்பு அல்லவா? ஆனால் காயம் பட்டிருக்கிறோம் என்பதற்காக நம் தராசு தானாக நேராகிவிடாது. ஒரு செய்தி வந்தால் விசாரித்துத் தெளிய வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளை நமக்குப் பிடித்த செய்திகளுக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே எனக்கென்று மூன்று கேள்விகளை எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன். சகோதரிகள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

1. இதே அளவு ஆதாரத்தோடு எனக்குப் பிடிக்காத ஒரு செய்தி வந்திருந்தால் நம்பியிருப்பேனா?
2. எது தெரியவந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்?
3. நான் பிழைத்துப் போனால் அதன் விலையைக் கொடுப்பது யார்?

மூன்றாவது கேள்வி பாடப்புத்தகத்தில் இல்லை. உம்மும்மாவிடம் படித்தது.

ஹெந்தளையின் பழைய மதில்

நான் தினமும் பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறேன். ஹெந்தளை என்றால் எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கும் ஞாபகம் வருவது தொழுநோய் வைத்தியசாலை. ஒல்லாந்தர் 1708இல் அமைத்தது. 1901இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம், தொழுநோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க இடமளித்தது. வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு இங்கே வந்தவர்களில் பலர் இங்கேயே காலத்தை முடித்தார்கள். நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் 1873இலேயே இந்நோய்க்குக் காரணமான பக்டீரியாவைக் கண்டிருந்தார். அது எளிதில் தொற்றும் நோயல்ல என்பது மெல்ல மெல்லத் தெளிவாகியது. 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. இன்று தொழுநோய் குணப்படுத்தக்கூடிய நோய், யாரையும் பிரித்து அடைத்து வைக்க வேண்டியதில்லை.

பயம் ஒரு சட்டமாகிவிட்டால், பயத்துக்குக் காரணம் இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தச் சட்டம் எவ்வளவு காலம் நின்றுவிடுகிறது என்பதற்கு அந்த மதில் சாட்சி. எங்கள் விடயத்தில் அது ஓராண்டுக்குள் தளர்ந்தது. 2020 டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தை எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கட்டியவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி மாற்றப்பட்டு, மார்ச் மாதம் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாய எரிப்புக்காகப் பாதிக்கப்பட்ட மக்களிடம் மன்னிப்புக் கோர முடிவு செய்தது. புதைப்பதால் நீர் மாசடையவில்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகே அந்த முடிவு வந்தது. எரித்த பிறகு வந்த நிச்சயம் அது.

உம்மும்மா 2022இல் மௌத்தானார். முதுமைதான் காரணம். சாச்சிமார் குளிப்பாட்டி, கபன் இட்டு, ஊர் மையவாடியில் அடக்கினோம். மன்னிப்புச் செய்தி வந்த நாளில் வாப்பா பத்திரிகையை விறாந்தையில் அவருடைய கதிரையின் மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

எங்கள் வீட்டுக் கிணற்றில் இப்போதும் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் இருக்கிறது. மையவாடி தூரமில்லை. அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் வுழூச் செய்கிறோம்.